விண் கூவுது, நித்திரை போகுது

வாடைக்காற்று தொடங்கினால் போதும், எங்கள் ஒழுங்கையில் யாருக்கும் நித்திரை கிடையாது. பகலில் பட்டம் விடட்டும், யார் வேண்டாம் என்றது? இருட்டினால் இறக்க வேண்டாமா? இந்தப் பெடியள் நூலைப் பனைமரத்தில் கட்டிவிட்டுத் தங்கள் பாட்டில் போய்ப் படுத்துவிடுகிறார்கள். மேலே நிற்கும் பட்டத்தின் விண் விடிய விடியக் கூவுகிறது.

பட்டத்தில் பூட்டும் வில்லில் இழுத்துக் கட்டிய நாடா காற்றில் அதிர்வதுதான் விண். இப்போது பார்சல் கட்டும் பிளாஸ்டிக் நாடாவையே பூட்டுகிறார்கள். காற்று விழுந்தால் முனகும். அப்பாடா என்று கண்ணை மூடினால் திரும்ப ஓங்கும். தலையணையால் காதைப் பொத்தியும் பலனில்லை.

கேட்டால், "பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில பட்டப் போட்டி இருக்கெல்லோ அண்ணை" என்கிறார்கள். சரி, அதைப் பார்க்க நானும்தான் போவேன். அங்கே பகலில்தானே ஏற்றுகிறார்கள்!

அறுந்து விழும் தங்கூசி, அதுதான் பட்டம் விடும் நைலோன் நூல், வேறு. கரண்ட் கம்பியில் தொங்கி, றோட்டுக்குக் குறுக்கே கழுத்தளவில் கிடக்கும். மோட்டார் சைக்கிளில் வருபவன் கதி? போய்ச் சொன்னால், "நீங்கள் சின்னனில பட்டம் விடேல்லையோ" என்று தகப்பன்மாரே சண்டைக்கு வருகிறார்கள். நேற்று அதில் ஒருவர், இரண்டு விண் பூட்டினால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று மகனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.