தோலோடு நிற்கிற நோய் இல்லை

சொரியாசிஸ் என்ற தோல் நோய் உள்ளவர்களின் ரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று விளக்கிய ஒரு கட்டுரையைப் படித்ததும் என் அக்காவுக்கும் அனுப்பினேன். பெரம்பூரிலிருந்து பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர். கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் முழங்கையில் வெள்ளைச் செதில் தெரியும். பக்கத்தில் நிற்பவர் நகர்ந்துகொள்வார். இது தொற்றுநோயே இல்லை. தொட்டாலும் ஒட்டாது, ஒரே துண்டில் துடைத்தாலும் ஒட்டாது.

அந்தக் கட்டுரையோடு ஒரு விஷயத்தை மட்டும் சேர்க்கிறேன். ரத்தத்தில் சுற்றும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களில் சில, தோலுக்குள் நுழைய உதவும் புரதத்தை மேற்பரப்பில் தாங்கியிருக்கும். அங்கே போய் ஐஎல்-17 என்ற புரதத்தைச் சுரக்கும்போது மேல்தோல் செல்கள் தறிகெட்டுப் பெருகுகின்றன. வழக்கமாக ஒரு மாதம் பிடிக்கும் தோல் புதுப்பிப்பு சில நாட்களிலேயே நடந்துவிட, முதிராத செல்கள் அடுக்கடுக்காகச் சேர்கின்றன. அப்புறம், பழைய தாக்குதலை நினைவில் வைத்திருக்கும் 'நினைவு டி செல்கள்' சில ஆறிய தோலிலேயே தங்கிவிடும். மருந்தை நிறுத்தியதும் அதே இடத்தில் திரும்ப வர இது ஒரு முக்கியக் காரணம்.

அழற்சி மூட்டையும் பாதிக்கலாம், இதய நோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது. காலையில் விரல்கள் விறைத்தாலோ, நகத்தில் குண்டூசியால் குத்தியதுபோல் குழி விழுந்தாலோ தோல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

'ரத்தத்தைச் சுத்தம் செய்கிறோம்' என்று லேகியம் விற்பவர்களை நம்பாதீர்கள். ரத்தத்தில் அழுக்கு எதுவும் இல்லை. ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகவே வாங்கிச் சாப்பிடுவது இன்னும் ஆபத்து. திடீரென நிறுத்தினால் உடம்பெல்லாம் சீழ்க்கொப்புளம் கிளம்பி ஆஸ்பத்திரியில் சேரவேண்டி வரலாம்.