ஆர்டர் தாளில் பிறந்த கார்கள்

பெரிய, வலிமையான எஞ்சின் பொருத்திய வேகக் கார்களான அமெரிக்க மசில் கார்களின் பழைய நாட்களை ஆர்வலர்கள் நினைவுகூரும்போது பேச்சு குதிரைத்திறனில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுவது எனக்கு நெடுநாளாக வருத்தம் தருகிறது. கிறைஸ்லரின் 426 ஹெமி எஞ்சினுக்கு 425, 1970ஆம் ஆண்டு ஷெவ்ரலே ஷெவல் காரின் எல்எஸ்6 எஞ்சினுக்கு 450 என்று எண்களை அடுக்குகிறோம். ஆனால், டீலரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, தன் கைக்கும் பைக்கும் ஏற்றபடி ஒருவர் நிரப்பிய ஆர்டர் தாளில்தான் அந்தக் கார்களின் உயிர் இருந்தது என்பது என் உறுதியான கருத்து.

மசில் கார் என்ற வகையே ஒரு ஆப்ஷனாக, அதாவது கூடுதல் பணம் கொடுத்துக் கேட்டு வாங்கும் தேர்வாகத்தான் தொடங்கியது. நடுத்தர அளவுக் கார்களில், சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்குள் ஒரு விதி இருந்தது. அந்நிறுவனத்தின் பான்டியாக் பிரிவின் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய குழுவினரும் 389 கன அங்குல எஞ்சினைத் தனி மாடலாக அறிவிக்காமல், 1964ஆம் ஆண்டு டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கான கூடுதல் தொகுப்பாகச் சேர்த்து அந்த விதியைக் கடந்தார்கள். ஏறத்தாழ 295 டாலர் விலையுள்ள அந்தத் தொகுப்பின் பெயர்தான் ஜிடிஓ. ஐயாயிரம் போகலாம் என்று நினைத்த இடத்தில் முதல் ஆண்டிலேயே 32,450 விற்றன.

அதே தாளில் மேலும் கொஞ்சம் பணம் கொடுத்தால், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் கார்புரேட்டர், நான்கு பேரல் (காற்றுக் குழாய்) கொண்ட ஒன்றுக்குப் பதிலாக, இரட்டை பேரல் கொண்ட மூன்றாகக் கிடைத்தது. 325 குதிரைத்திறன் 348 ஆனது. ஆனால் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். சூடேறினாலும் பிடிமானம் எளிதில் குறையாத உலோகக் கலவை பிரேக் லைனிங்கைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. மூன்று கார்புரேட்டருக்குப் பணம் கட்டியவரை விட, அந்த லைனிங்கையும் மறக்காமல் குறித்தவரிடம்தான் எனக்கு மதிப்பு அதிகம்.

பின் சக்கரங்களைச் சுழற்றும் பற்சக்கரங்களின் விகிதமான பின் ஆக்ஸில் விகிதமும் இப்படிப்பட்ட தேர்வுதான். 4.10 என்று குறித்தால், சக்கரம் ஒருமுறை சுழல, எஞ்சினின் விசையைப் பின்னுக்குக் கொண்டுசெல்லும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நான்கு முறைக்கு மேல் சுழலும். சிக்னலிலிருந்து கார் பாய்ந்து கிளம்பும், ஆனால் நெடுஞ்சாலையில் எஞ்சின் ஓயாமல் அலறும். 3.23 என்று குறித்தவர் தினமும் அதே காரில் நிம்மதியாக வேலைக்குப் போயிருப்பார். அந்த ஓர் எண்ணிலேயே வாங்கியவரின் வாழ்க்கை தெரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது 1967ஆம் ஆண்டு ஷெவ்ரலே கமாரோ காரின் இசட்28 ஆப்ஷன். டிரான்ஸ்-ஆம் என்ற அமெரிக்கக் கார் பந்தயத் தொடரின் 5 லிட்டர் எஞ்சின் வரம்புக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக, 327 கன அங்குல எஞ்சினின் பிளாக்கில் (சிலிண்டர்கள் அமைந்த உடற்பகுதி) 283 எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டை (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) பொருத்தி 302 கன அங்குலத்தை உருவாக்கினார்கள். முதல் ஆண்டில் தயாரானவை 602 மட்டுமே. நிறுவனம் அறிவித்தது 290 குதிரைத்திறன். உண்மையில் அது அதைவிடக் கூடுதலாகவே தந்தது. அதோடு, அக்காலத்து எண்கள் விசிறி, ஏர் கிளீனர், சைலன்சர் போன்றவற்றின் இழப்பைக் கணக்கில் எடுக்காமல் சோதனை மேடையில் அளக்கப்பட்டவை. 1972இல் அளவு முறையே மாறியது. ஆகவே அந்த எண்களை மட்டும் வைத்து எது பெரியது என்று வாதிடுவது அடித்தளமற்ற வாதம்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1968ஆம் ஆண்டு கிறைஸ்லர் நிறுவனத்தின் பிளைமவுத் ரோட் ரன்னர், இளைஞர் கைக்கு எட்டும்படி 3,000 டாலருக்குள் தொடக்க விலை வைத்து, ஆடம்பரங்களைக் குறைத்து, 335 குதிரைத்திறன் கொண்ட 383 எஞ்சினோடு விற்கப்பட்ட கார். ஹெமி அதில் விலையுயர்ந்த கூடுதல் ஆப்ஷன். பெரும்பாலானோர் அதை வாங்கவில்லை. இன்றோ, நல்ல நிலையில் கிடைக்கும் 383 காரைப் பிரித்து, ஹெமியைப் பொருத்தி, அது தொழிற்சாலையிலிருந்தே அப்படி வந்தது போல் ஜோடிப்பவர்கள் இருக்கிறார்கள். இது புதுப்பித்தல் அல்ல, அழிப்பு. அந்தக் காரை முதலில் வாங்கியவர் யோசித்து எடுத்த முடிவை நாம் திருத்தி எழுத உரிமையில்லை.

கிறைஸ்லர் நிறுவனத்துக் கார்களில், தொழிற்சாலையில் ஆப்ஷன் குறியீடுகளை அச்சிட்ட தாள் சில நேரங்களில் இருக்கையின் ஸ்பிரிங்குகளுக்கு இடையே இன்றும் கிடைக்கிறது. உங்கள் கையில் அப்படி ஒரு கார் வந்தால், எஞ்சினைத் தூக்குவதற்கு முன் இருக்கையைக் கழற்றிப் பாருங்கள்.