எந்த வண்டி எடுக்கலாம் மாமா?

அக்கா மகனுக்கு சொந்தமாக லோடு வண்டி எடுத்து ஓட்ட ஆசை. போன வாரம் ஸ்டாண்டுக்கு வந்தவன், டீ கிளாஸைக் கையில் வாங்கியதும் கேட்டான்: "எந்த வண்டி எடுக்கலாம் மாமா?" தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். எங்கள் ஸ்டாண்டில் நாலு பேர் காதில் விழக் கேட்கிற கேள்வியா இது? காலை லோடு இறக்கிவிட்டு வந்தவர்கள் மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து அடித்துக்கொண்டோம்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட் பக்கம் எங்களுக்கு இருக்கிற பெயர்களே வண்டியை வைத்துத்தான். நான் அசோக் லேலண்டின் தோஸ்த் ஓட்டுவதால் 'தோஸ்த்து'. மகேந்திராவின் பொலேரோ பிக்கப் வைத்திருக்கிறவன் எனக்கு மச்சான் முறை. டாடா ஏஸ் வைத்திருக்கிற அண்ணனை எல்லோருக்கும் 'யானை அண்ணன்' என்றால்தான் தெரியும். ரேஷன் கார்டில் இருக்கிற பெயரை அவர் வீட்டு விசேஷப் பத்திரிகையில்தான் பார்த்தேன்.

முதலில் யானை அண்ணன் ஆரம்பித்தார். அவருக்கு அந்த உரிமை உண்டு என்பதை நானே ஒப்புக்கொள்வேன். 2005 மே மாதம் ஏஸ் வருவதற்கு முன்னால் ஒரு பக்கம் மூன்று சக்கர லோடு ஆட்டோ, இன்னொரு பக்கம் டாடா 407 லாரி. நடுவில் சின்ன வியாபாரிக்கென்று சொல்லிக்கொள்ளும்படி பெரிதாக எதுவும் இல்லை. டாடா கம்பெனி என்ன செய்தது தெரியுமா? இண்டிகா காரில் இருந்த 1,405 சிசி, நாலு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பாதியாக்கி, இரண்டு சிலிண்டரில் 702 சிசி எஞ்சின் ஆக்கியது. பதினாறே குதிரைத்திறன். அதை வைத்து முக்கால் டன் இழுக்கிற நாலு சக்கர வண்டியை இரண்டேகால் லட்சத்துக்குக் கொடுத்தது. 12 இஞ்ச் டயர்தான். பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும். ஆனால் மாட்டு வண்டி திரும்பாத சந்தில் அது திரும்பும்.

"ஏன்டா, உங்க வண்டிக்கெல்லாம் ஜனங்க ஒரு பேராவது வச்சாங்களா? குட்டி யானைன்னு எனக்குத்தானே வச்சாங்க" என்றார். அங்கே நான் வாயைத் திறக்க முடியாது. வீடு மாற்றுகிறவர்கள் போன் போட்டு, "தம்பி, ஒரு குட்டி யானை அனுப்புங்க" என்பார்கள். நான் தோஸ்த்தைக் கொண்டுபோய் நிறுத்துவேன். அதையும் குட்டி யானை என்றுதான் சொல்வார்கள். மச்சானின் பொலேரோவுக்கே ஒரு தடவை அந்தப் பெயர் விழுந்தது. அவன் மூஞ்சியைப் பார்த்திருக்க வேண்டுமே!

அப்புறம் என் முறை. தோஸ்த் 2011இல் வந்தது. அசோக் லேலண்ட் நிசானோடு கைகோத்து ஓசூரில் செய்த வண்டி. 2016இல் நிசான் பங்கையும் லேலண்டே வாங்கிக்கொண்டது. மூன்று சிலிண்டர், 1,478 சிசி, ஒன்றேகால் டன். ஏஸ் போதவில்லை, பெரிய லாரி வேண்டாம் என்கிறவனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. தக்காளிப் பெட்டி அடுக்கித் தாராபுரம் ரோட்டில் விட்டால் அலுங்காமல் போகும். நானும் வழக்கம்போல, "எண்ணூரில் பிறந்த கம்பெனி, ஓசூரில் பிறந்த வண்டி, நம்ம ஊரு வண்டிடா" என்று எடுத்துவிட்டேன்.

மச்சான் சிரித்தான். "எங்க கம்பெனி வண்டியை யோசிக்கிற மண்டையே செங்கல்பட்டுலதான் இருக்கு மாப்ள." மகேந்திராவின் ஆராய்ச்சி மையம் அங்கேதான் இருக்கிறது, வாஸ்தவம். இதை அவன் எங்கே படித்தான் என்றுதான் தெரியவில்லை.

பொலேரோவைப் பற்றி என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். மச்சான் இந்தப் பதிவைப் படிப்பான், படிக்கட்டும். மலைக்கு அதுதான் வண்டி. ஏஸ், தோஸ்த் இரண்டிலும் சீட்டைத் தூக்கினால் எஞ்சின். சித்திரை வெயிலில் டிரைவர் தோசைக்கல் மேல் உட்கார்ந்த மாதிரிதான். பொலேரோவுக்கு மூக்கு உண்டு. எஞ்சின் அங்கே போய்விட்டது. இரண்டரை லிட்டர் எஞ்சின், ஜீப் வம்சத்துச் சேஸிஸ், கனத்த கமான்பட்டை. பாச்சலூர் மலையிலிருந்து சௌசௌ மூட்டை ஏற்றி வளைவு வளைவாக இறங்கும்போது செகண்ட் கியரில் விட்டுவிட்டு அவன் பாட்டுக்கு வெற்றிலை மடிப்பான்.

ஒரு ராத்திரி அதே மலை ரோட்டில் வடகாட்டுக்கு மேலே டீசல் தீர்ந்து நின்றுவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது. முள் கீழே கிடப்பதைப் பார்த்தும், இறக்கம்தானே என்று வந்துவிட்டேன். மணி இரண்டு. மச்சான்தான் கேனில் டீசலோடு வந்தான். லைனில் ஏர் பிடித்து, எவ்வளவு அடித்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. கடைசியில் கயிறு கட்டி மார்க்கெட் வரைக்கும் இழுத்துவந்தான். மறுநாளே அவன் வண்டிக்குப் பின்னால் புது ஸ்டிக்கர்: 'நண்பனை இழுப்பவன்'. தோஸ்த் என்றால் இந்தியில் நண்பன். இரண்டு ஆயுத பூஜை வந்து போய்விட்டது. வாழைக்கன்று கட்டி, டயருக்கு எலுமிச்சை வைக்கும்போதுகூட அந்த ஸ்டிக்கருக்குத் தனியாகச் சந்தனம் வைக்கிறான்.

இந்தச் சண்டையில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். "என் வண்டி ரெண்டு டன் இழுக்கும்", "என்னுது ரெண்டரை" என்கிற பீத்தல். ஆர்.சி.யில் எழுதியதற்கு மேல் ஏற்றிப் பிடிபட்டால் 20,000 ரூபாய், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. ஒரு மாத டியூவைவிடப் பெரிய தொகை. பிரேக் பிடிக்காவிட்டால் என்னாகும் என்பது வேறு கதை.

அக்கா மகனுக்குக் கார் லைசென்ஸ்தான் இருக்கிறது. அது போதும். 7,500 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டிக்கு அந்த லைசென்ஸே செல்லும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சரி, என் பதில் என்ன? ஊருக்குள் தண்ணீர் கேன், மளிகை, வீடு மாற்றுவது என்றால் ஏஸ். மலைத் தோட்டத்துச் சரக்கு நிரந்தரமாகக் கிடைக்கும் என்றால் பொலேரோ. சமவெளியில் மார்க்கெட்டுக்கு மார்க்கெட் ஓடுவதென்றால் தோஸ்த். வாடகை எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் ஷோரூமுக்குள் நுழையாதே. பையனிடம் இதைத்தான் சொன்னேன். மச்சானும் யானை அண்ணனும் என்னைத் துரோகி மாதிரி பார்த்தார்கள்.

இன்னொன்றும் சொன்னேன். 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து கேபினில் ஏசி வைத்துத்தான் தயாரிக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. எங்கள் வண்டிகள் அந்தக் கோட்டுக்குக் கீழே. சின்ன வண்டி ஓட்டுகிறவனுக்கு வேர்க்காது என்று நினைத்துவிட்டார்கள்போல. மூன்று கம்பெனிக்காரர்களும் மைலேஜ், பிக்கப், பாடி நீளம் என்று நோட்டீஸ் கொடுக்கிறார்கள். ராத்திரி ஒரு மணிக்கு லோடு இறக்க வரிசையில் நிற்கிறவன் எங்கே படுப்பான் என்று எந்த நோட்டீஸிலும் நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "அப்ப மூணுல எந்த வண்டியில மாமா கால் நீட்டிப் படுக்கலாம்?"

மச்சான் என்னைப் பார்த்தான். நான் யானை அண்ணனைப் பார்த்தேன். மூன்று பேருமே பின்னால் தார்ப்பாயை விரித்துத்தான் படுக்கிறோம்.