பெரோவ்ஸ்கைட் சோலார் பெயின்ட்: பரவும் செய்தி உண்மையல்ல

“பெரோவ்ஸ்கைட் திரவத்தைச் சுவரில் பூசிக் காயவிட்டால் போதும், மின்சாரம் வரும்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. அது தவறு. பெரோவ்ஸ்கைட் என்பது சூரிய மின்கலங்களில் ஒளியை உறிஞ்சப் பயன்படும் ஒரு வகைப் படிகப் பொருள்.

கரைசலில் இருந்து பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலங்களைச் செய்கிறார்கள் என்பது மட்டும் மெய். ஆனால் பெரோவ்ஸ்கைட் படலத்தின் தடிமன் அரை மைக்ரோமீட்டர் அளவுதான். கரைப்பான் ஆவியாகும்போது படிகக் கருக்கள் (படிகம் வளரத் தொடங்கும் நுண்புள்ளிகள்) எங்கும் ஒரே நேரத்தில், நெருக்கமாக உருவாக வேண்டும். தானாகக் காயவிட்டால் படிகங்கள் அங்கங்கே திட்டுத்திட்டாக வளர்ந்து இடையில் ஊசித்துளைகள் விழும்; அவற்றின் வழியே மேலும் கீழும் உள்ள அடுக்குகள் தொட்டுக்கொண்டால் மின்னோட்டம் கசிந்து வீணாகும். இதைத் தடுக்கத்தான் ஆய்வகத்தில் சுழலும் தகட்டின்மேல் சரியான நொடியில் எதிர்க்கரைப்பானை (பெரோவ்ஸ்கைட்டைக் கரைக்காமல் சட்டென்று படிகமாக்கும் திரவத்தை) விடுகிறார்கள். பெரிய பரப்பில் கரைப்பானை விரைந்து நீக்கக் காற்றுக்கத்தியோ (மெல்லிய, வேகமான காற்றுத் தாரை) வெற்றிடமோ தேவை. பிறகு சுமார் 100 டிகிரி செல்சியஸில் சூடாக்குகிறார்கள். மின்முனைகளும் ஈரம் புகாத உறையும் தனி வேலை.

2009-இல் 3.8 சதவீதமாக இருந்த செயல்திறன் (விழும் ஒளியில் மின்சாரமாக மாறும் பங்கு) இன்று 26-ஐத் தாண்டியிருப்பது பெரிய சாதனை. ஆனால் அது சிறு கலத்தின் அளவீடு. ‘புரோக்ரஸ் இன் ஃபோட்டோவோல்டாயிக்ஸ்’ இதழின் செயல்திறன் அட்டவணைகளில் பரப்பளவையும் சேர்த்துப் பாருங்கள்.

இக்கரைசல்களில் பெரும்பாலும் ஈயமும் நச்சுக் கரைப்பானும் உண்டு. யாரும் வீட்டில் முயன்றுவிடக் கூடாது. தயவுசெய்து இச்செய்தியை மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.