வடக்கே நடந்தால் தெற்கே

(1827 ஜூலை 26. ஆர்க்டிக் தீவான ஸ்பிட்ஸ்பெர்கனுக்கு வடக்கே, கடலில் மிதக்கும் ஒரு பனிப்பாளம். வில்லியம் எட்வர்ட் பாரியின் தலைமையில், சறுக்குக்கட்டை பொருத்திய இரு படகுகளை வடதுருவம் நோக்கி இழுத்துவரும் ஆங்கிலேய மாலுமிகளில் இருவர், பாய்த்துணியைக் கூரையாக விரித்த படகுக்குள் அமர்ந்திருக்கிறார்கள்.)

இளையவன்: காலை வணக்கம், அண்ணா.

மூத்தவர்: இது மாலை, தம்பி. இரவில் வெயில் தணிந்து பனி இறுகும், கண்ணும் கூசாது என்பதற்காக இரவெல்லாம் இழுத்துப் பகலில் உறங்குகிறோம் என்பதை இன்னுமா மறக்கிறாய்?

இளையவன்: மறையாத சூரியனின் கீழ் எது இரவு என்று நான் எப்படிக் கண்டேன்? எனக்குத் தெளிவாகத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். வட அட்சரேகையில் 83ஆம் பாகையைத் தொட்டால் கிடைக்கும் ஆயிரம் பவுண்டு பரிசில் என் பங்கு எவ்வளவு என்பது.

மூத்தவர்: அந்தக் கணக்கை அழித்துவிடு. 22ஆம் தேதிக்குப் பிறகு பத்து மைலுக்கு மேல் வடக்கே நடந்தோம் அல்லவா? இன்று சூரியனின் உயரத்தை அளந்து பார்த்தால், அன்று நின்ற இடத்துக்கு மூன்று மைலுக்கு மேல் தெற்கே இருக்கிறோம்.

இளையவன்: அளந்தவர் கருவியைத் தலைகீழாகப் பிடித்திருப்பார்.

மூத்தவர்: கருவி சரியாகத்தான் இருக்கிறது. வடகாற்று இந்தப் பனியை மொத்தமாகத் தெற்கே தள்ளிக்கொண்டு போகிறது.

இளையவன்: சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள், இங்கே ஏறுகிற மரமே அல்லவா சறுக்குகிறது! "இந்த 83 வருவதற்கு இத்தனை நாளா?" என்று நாம் சிரித்துக்கொண்டே கேட்டபோதெல்லாம் அதிகாரிகள் ஏன் பேச்சை மாற்றினார்கள் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

மூத்தவர்: தெரிந்திருந்தால் நீ இழுத்திருப்பாயா?

இளையவன்: ஆளுக்கு 268 பவுண்டு எடை, அண்ணா! அதையும் ஒரே தடவையில் இழுக்க முடியாமல், பாதிச் சுமையை வைத்துவிட்டுத் திரும்பி வந்து மீதியை இழுத்தோம். மழை செதுக்கி நிறுத்திய பனி ஊசிகளுக்குப் பேனாக்கத்தி என்று செல்லப்பெயர் வைத்தோமே, அவை என் காலணியின் அடித்தோலைச் சல்லடையாக்கிவிட்டன. இழுப்பதற்கென்று நார்வேயின் ஹாமர்ஃபெஸ்டிலிருந்து எட்டுக் கலைமான்களைக் கொண்டுவந்தார்கள். கரடுமுரடான பனியில் அவை சிரமப்படும் என்று கப்பலோடு விட்டுவிட்டார்கள். நாம் சிரமப்படுவோம் என்று எவருக்கும் தோன்றவில்லை.

மூத்தவர்: மானுக்கு ரம் கொடுப்பதில்லை; உனக்குக் கொடுக்கிறார்கள்.

இளையவன்: பத்து அவுன்ஸ் பிஸ்கட்டும், ஒன்பது அவுன்ஸ் இடித்த உலர் இறைச்சியும் தின்றுவிட்டு இந்தச் சுமையை இழுப்பவனுக்கு, அந்த ஒரு வாய் ரம் முகர்ந்து பார்க்கவே காணாது.

மூத்தவர்: மனத்தைத் தேற்றிக்கொள். 82 பாகை 45 நிமிடம் வரை வந்துவிட்டோம். இவ்வளவு வடக்கே வந்ததாக எவரும் பதிந்ததில்லை. நாளை ஓய்வு, பிறகு கப்பலை நோக்கித் திரும்புகிறோம் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

இளையவன்: கப்பல் தெற்கே அல்லவா இருக்கிறது?

மூத்தவர்: ஆமாம்.

இளையவன்: பனியும் தெற்கேதான் போகிறது?

மூத்தவர்: ஆமாம், நீ படுத்துக் கிடந்தாலும் போகும்.

இளையவன்: (கம்பளிக்குள் நுழைந்தபடி) அப்படியானால் நான் முன்னே போகிறேன், அண்ணா; நீங்கள் மெதுவாக வந்து சேருங்கள்.