45 ஆட்டத்தோடு வில்லி ஓரீ காணாமல் போகவில்லை

"வில்லி ஓரீ என்எச்எல்லின் முதல் கருப்பின வீரர், அவ்வளவுதான். திறமை போதாமல் 45 ஆட்டத்தோடு காணாமல் போனார்" என்று எழுதியிருக்கிறீர்கள். என்எச்எல் எனும் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கில் அவர் ஆடியது 45 ஆட்டம் என்பது சரி. மற்றது சரியில்லை.

1958 ஜனவரி 18 அன்று, பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்காக மான்ட்ரியலில் அவர் முதன்முதலாக இறங்கினார். அப்போதே அவருக்கு வலது கண்ணில் பார்வை இல்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஓர் ஆட்டத்தில் பக், அதாவது பந்துக்குப் பதிலாக அடித்து ஆடும் கடினமான ரப்பர் வட்டு, பட்டுப் பார்வை போனது. வெளியே தெரிந்தால் ஆடவிட மாட்டார்கள் என்று மறைத்துவிட்டார். ஆடியதோ இடது ஓரத்தில். வலப்பக்கமிருந்து வரும் பக்கைப் பார்க்கக் கழுத்தை முழுக்கத் திருப்ப வேண்டும். அந்த வேகத்தில் இதை நினைத்துப் பாருங்கள்!

அப்புறம், அன்று என்எச்எல்லில் இருந்தது ஆறே ஆறு அணிகள். இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. அங்கிருந்து வெளியேறிய பிறகும் அவர் ஆட்டத்தை விடவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ அணிகளில் ஆண்டுக்கணக்கில் ஆடினார். வலது ஓரத்துக்கு மாற்றியதும் பார்க்கும் சிக்கல் குறைந்தது, கோல்கள் குவிந்தன. வெஸ்டர்ன் ஹாக்கி லீக்கில் இரண்டு முறை அதிக கோல் அடித்தவர் அவர்தான். கடைசியாக ஆடியபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

இன்னொன்று: அவருக்கு அடுத்த கருப்பின வீரர் என்எச்எல்லுக்கு வந்தது 1974இல்தான். அதற்கும் இவருடைய திறமைக் குறைவுதான் காரணமா? 2022இல் புரூயின்ஸ் அவருடைய 22ஆம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுத்தது; அதாவது, அவரைக் கௌரவிக்க அந்த எண்ணை அணியில் இனி வேறு யாருக்கும் கொடுப்பதில்லை.