திகனயில் தீ வைத்தவர்கள் பைத்தியக்காரர்களா?

கண்டி மாவட்டத்துத் திகனயில் 2018 இல் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறை பற்றித் தோட்டப்புற வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “திகனயில் கடை எரித்தவர்கள் மூளை பிசகியவர்கள். அதை வெறுப்புக் குற்றம், பயங்கரவாதம் என்று பேசுவது வீண்.” இது பிழை.

2018 பெப்ரவரியில் வீதித் தகராறில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி மார்ச் 3 இல் இறந்தார். தாக்கிய முஸ்லிம்கள் ஒரு சிலர். எரிந்ததோ, அவர்களை அறியாத முஸ்லிம்களின் கடைகள், வீடுகள், பள்ளிவாசல்கள். புத்தி பேதலித்தவர் இப்படி ஆள் பார்த்தா கொளுத்துவார்? இப்படி இனம், மதம் பார்த்துச் செய்வதுதான் வெறுப்புக் குற்றம். அதற்குச் சில நாள் முன்புதான் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் கொத்து ரொட்டியில் சிங்களவரை மலடாக்கும் ‘மலட்டு மாத்திரை’ என்ற புரளி கிளம்பியது. பரிசோதித்தால் வெறும் மாவுக்கட்டி!

அமெரிக்க ஆய்வாளர்கள் லெவினும் மக்டெவிட்டும் பொஸ்டன் பொலிஸின் 169 வெறுப்புக் குற்ற வழக்குகளை அலசினார்கள். பெரும்பாலானவை கூட்டாளிகளோடு சேர்ந்து பரபரப்புக்காகச் செய்தவை. அடுத்தது ‘எங்கள் இடத்தைக் காக்கிறோம்’ என்ற எண்ணம், பிறகு பழிவாங்கல். திகனயில் இந்தக் கடைசி இரண்டும் கலந்திருந்தன என்பது என் கணிப்பு. அந்த 169 வழக்குகளில் ஓர் இனத்தையே ஒழிப்பதைக் கடமையாக நினைத்தவர் மிக அரிது.

எல்லா வெறுப்புக் குற்றமும் பயங்கரவாதமல்ல, அதுவும் சரிதான். ஒரு சமூகத்தையே மிரட்டிப் பணிய வைக்கும் நோக்கம் இருந்தால் இரண்டும் ஒன்றுசேரும். ஆனாலும் 2015 இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொன்றவனுக்கு வெறுப்புக் குற்றத்துக்கும் கொலைக்கும்தான் தண்டனை, பயங்கரவாத வழக்கு இல்லை. இலங்கையில் இன, மத வெறுப்பைத் தூண்டுவது 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம்.